டீச்சரிடம் கேளுங்கள்: செங்கொடிகள் ஒரே பட்டியலில் நிற்குமா?

கேள்வி: நம் இலங்கையில் சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, முன்னிலை சோஷலிசக் கட்சி, மார்க்சிய லெனினியக் கட்சி என்று எத்தனை பெயர்கள்! எல்லோரும் தொழிலாளிக்காகத்தான் பேசுகிறார்கள். தேர்தல் வந்தால் மட்டும் ஏன் சேர முடிவதில்லை? இனியாவது சேர்வார்களா டீச்சர்?
– வாசகர், நாவலப்பிட்டி

பதில்: சேர முடியும். பல முறை சேர்ந்தும் இருக்கிறார்கள். என் கவலை வேறு. சேர்ந்த பிறகு அது யார் தலையில் விடிந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து தோட்டத்தை நிருவகிக்கும் துரை வேலை பழகிய பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர், 1937இல் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாருக்கு எதிராகப் பேசினார். கவர்னர் அவரை நாடு கடத்த உத்தரவு போட்டார். சமசமாஜிகள் அவரை ஒளித்து வைத்தார்கள், பிறகு உயர் நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார்கள். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபோதும் கூட நின்றது அவர்கள்தான். மலையகத்தில் சிவப்புக் கொடிக்கு ஒரு மரியாதை இருந்தது என்றால் அது இப்படி வந்தது. யாரும் இனாமாகக் கொடுத்ததில்லை.

1947 தேர்தலைப் பாருங்கள். 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42தான். சமசமாஜக் கட்சிக்கு 10, போல்ஷெவிக் லெனினியக் கட்சிக்கு 5, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 3. மலைநாட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பேரை அனுப்பியது, நாவலப்பிட்டியில் வென்ற கே. இராஜலிங்கம் அதில் ஒருவர். மாற்று அரசாங்கம் அமைக்கலாமா என்று கொழும்பில் ‘யமுனா’ என்ற வீட்டில் கூடிப் பேசினார்கள், சுயேச்சைகளும் வந்தார்கள். ஆனால் இடதுசாரிகளுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் நம்பவில்லை. பேச்சு முறிந்தது. மறு வருஷமே மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இடதுசாரிகள் அதை எதிர்த்தார்கள், அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் 1949இல் நம்முடைய வாக்கும் போய்விட்டது. யமுனாவில் பேச்சு முறிந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

உண்மையான கூட்டணி 1963இல்தான் அமைந்தது. அரிசி விலையேற்றத்தை எதிர்த்து 1953இல் ஹர்த்தால் நடந்து பத்து வருஷம் நிறைந்த ஆகஸ்ட் 12ஆம் திகதி, சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பிலிப் குணவர்தனவின் மக்கள் ஐக்கிய முன்னணியும் ஐக்கிய இடதுசாரி முன்னணியாகக் கையெழுத்திட்டன. அதே ஆண்டில் தொழிற்சங்கங்கள் 21 கோரிக்கைகளை ஒன்றாக முன்வைத்தன. நகரத்துத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் ஒரே காகிதத்தில் இடம் பிடித்தார்கள். அப்படியொரு காகிதம் அதற்குப் பிறகு எழுதப்படவே இல்லை என்பேன்.

ஒரு வருஷம் தாங்கவில்லை. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி ஶ்ரீமாவோ அம்மையாரின் அரசாங்கத்தில் சேர்ந்தது. என்.எம். பெரேரா நிதியமைச்சர் ஆனார், இன்னும் இருவருக்கு அமைச்சுப் பதவி கிடைத்தது. முன்னணி கலைந்தது, சமசமாஜக் கட்சியும் பிளந்தது. அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்ற மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்று மலைநாட்டுச் சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1948இல் நமக்காக எழுந்து நின்ற கட்சி, 1964இல் அந்த அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தது.

1970இல் மறுபடி சேர்ந்தார்கள், இந்த முறை சுதந்திரக் கட்சியோடு. 151இல் 116 ஆசனங்கள். அந்த வெற்றிக்காக எங்கள் அப்பா ராத்திரி ராத்திரியாகக் கோதுமை மாவுப் பசை காய்ச்சி டிக்கோயாப் பக்கம் சுவரொட்டி ஒட்டினார். இடதுசாரிச் சங்கம் ஒன்றில் தோட்டத் தலைவர் அவர். தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்குப் போகும் பாதையில் நின்று மற்றவர்களை அனுப்பி வைத்தார். உள்ளே போக அவருக்கு வழி இல்லை. நாடற்றவர், வாக்கு கிடையாது. அந்த அரசாங்கத்தில்தான் 1973, 74 பஞ்சம் வந்தது. வேலையும் இல்லாமல் மாவும் இல்லாமல் தோட்டத்துச் சனம் ஹற்றன் பஸ் நிலையத்தில் கையேந்தியதைச் சிறு பிள்ளையாக நான் பார்த்தேன். பெருந்தோட்ட அமைச்சராக இருந்தவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. 1975இல் அந்தக் கட்சியை அரசாங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். 1977இல் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் மறுபடி ஒன்றாக நின்றன. ஓர் ஆசனம்கூடக் கிடைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். சேர்வதா இல்லையா என்பதை விட, எந்தக் காகிதத்தின் மேல் சேர்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். சம்பளம், காணி, லயம் எனும் வரிசை அறைகளுக்குப் பதில் வீடு, நிருவாகத்தில் தமிழ் – இவை முதலில் எழுதப்பட வேண்டும். அமைச்சுப் பதவி வந்தால் தனித்தனியாகப் போய்ப் பேசுவதில்லை என்பதும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத கூட்டணிக்கு என் வாக்கு கிடையாது.

கேள்வி: 2024 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம் எடுத்துவிட்டதே. இதற்கு மேல் இன்னொரு இடதுசாரிக் கூட்டணி எதற்கு?
– உயர்தர மாணவி, பண்டாரவளை

பதில்: நல்ல கேள்வி மகள். தேசிய மக்கள் சக்தியே ஒரு கூட்டணிதான். ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) நடுவில் இருக்க, பல அமைப்புகள் சேர்ந்து 2019இல் உருவானது. அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு 3 வீதத்துக்குச் சற்றுக் கூடுதலான வாக்குத்தான். ஐந்தே வருஷத்தில் ஆட்சி. உங்கள் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றம் போனபோது எனக்குக் கண் கலங்கியது. கொழுந்து பறித்த கைகள் வளர்த்த பிள்ளைகள் அவர்கள்.

அதே நேரம் பழையதையும் தெரிந்து வைத்திருங்கள். ஆரம்ப கால ஜே.வி.பி. தன் ஆட்களுக்கு நடத்திய ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’. அதில் தோட்டத்து மக்களை அந்த விஸ்தரிப்பின் கருவியாகக் காட்டினார்கள். அங்கிருந்து, மலையக மக்களுக்கான வாக்குறுதிகளாகத் தேசிய மக்கள் சக்தி 2023 அக்டோபரில் வெளியிட்ட ஹற்றன் பிரகடனம் வரை வந்தது நீண்ட பயணம். அதை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் 159 பேரை வைத்திருக்கும் கட்சிக்கு நம் தயவு தேவையில்லை. தேவையில்லாதவரிடம் காரியம் நடக்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து விடாமல் கேட்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குத்தான் மற்ற இடதுசாரிகள் சேர வேண்டும் என்கிறேன். 2024இல் மக்கள் போராட்ட முன்னணி என்ற பெயரில் சிலர் சேர்ந்து நின்றார்கள். ஆசனம் கிடைக்கவில்லை. அதற்காக அந்த முயற்சியை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தோற்ற மறுநாள் ஆளுக்கொரு பக்கம் போய்விடாமல் இருந்தால் போதும்.

கேள்வி: சின்னக் கட்சிகள் சேர்ந்தால் கணக்கில் உண்மையாகவே இலாபம் உண்டா? விகிதாசார முறையில் தனியாக நின்றாலும் பங்கு கிடைக்காதா?
– கடை வைத்திருப்பவர், தலவாக்கலை

பதில்: கிடைக்காது. ஒரு மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் கீழே வாங்கினால் அந்த வாக்கைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். நுவரெலியாவில் 8 ஆசனங்கள். முதலாவதாக வரும் கட்சிக்கு ஒன்று போனஸ். மிச்சம் 7ஐத்தான் பங்கிடுகிறார்கள். 2024இல் தேசிய மக்கள் சக்தி பாதிக்கும் குறைவான வாக்கில் 5 ஆசனம் எடுத்தது இப்படித்தான். ஆளுக்கு 2 வீதம் வாங்கும் மூன்று கட்சிகள் தனித்தனியாக நின்றால் மூன்றும் பூச்சியம். சேர்ந்தால் 5 வீதத்தைத் தாண்டலாம், ஆனால் ஆசனத்துக்கு அது போதும் என்று நம்பிவிடாதீர்கள். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வேண்டும், மீதி வாக்குக் கணக்கில் வாய்த்தால் கொஞ்சம் குறைவாகவும் கிடைக்கலாம். சின்னக் கட்சிகளுக்கு உண்மையான இலாபம் நாடு முழுவதும் வாங்கிய வாக்கை வைத்துக் கொடுக்கும் 29 தேசியப் பட்டியல் ஆசனங்களில்தான் இருக்கிறது. அந்த ஓர் ஆசனம் யாருக்கு என்பதை வேட்புமனுவுக்கு முன்னாலேயே பேசி முடிக்க வேண்டும். பிறகு பேசினால் சண்டைதான்.

பட்டியலுக்குள் பிடித்த வேட்பாளருக்குப் போடும் விருப்பு வாக்கு இன்னொரு தலைவலி. ஒரே பட்டியலில் நிற்கும் 11 பேரும் ஒருவரோடு ஒருவர் போட்டி போட வேண்டியிருக்கிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் நான்கு சங்கம். ஒரு தலைவர் கூப்பிட்டால் மற்றவர் வரமாட்டார். மேலே கட்சிகள் சேர்ந்தால் கீழே நாங்களும் சேருவோமா? இல்லை நாங்கள் முதலில் சேர வேண்டுமா?
– கொழுந்து பறிக்கும் வாசகி, மஸ்கெலியா

பதில்: நீங்கள் முதலில், அம்மா. நான் படிப்பித்த பாடசாலைக்குக் கீழே ஒரு தோட்டம். அங்கே கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கிலோ கழிப்பார்கள். மழை நாளில் கழித்தது வெயில் நாளிலும் தொடர்ந்தது. மாலையில் கணக்கு எடுபடாமல் பல பேருக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். மூன்று சங்கத்துத் தலைவர்களும் தனித்தனியாகக் கணக்கப்பிள்ளையிடம் போய்ப் பேசினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் பெண்கள் கொழுந்து மடுவத்துக்கு வந்து கூடைகளை வரிசையாகக் கீழே வைத்தார்கள். தராசில் ஒரு கூடையும் ஏறவில்லை. “மூணு தலைவரும் ஒண்ணா வந்து நிக்கட்டும், அப்புறம் நிறுக்கலாம்” என்றார் வயதான ஓர் அம்மா. கொழுந்து வாடினால் தொழிற்சாலைக்கு நட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று பேரும் வந்தார்கள். ஒருவர் மலைமேல் குச்சி வீட்டிலிருந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். வெயில் நாளில் கழிக்கும் கிலோ அன்று பாதியாகக் குறைந்தது.

அதன் பிறகு மூவரும் ஒரே சங்கமாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆகவில்லை. சந்தா பிடிப்பதில் சண்டை தொடர்ந்தது. ஆனால் தராசு விஷயத்தில் மட்டும் யாரும் தனியாகப் போய்ப் பேசத் துணியவில்லை, பெண்கள் விடவில்லை. கட்சிகளையும் அப்படிக் கட்டிப்போடலாம். உங்கள் தோட்டத்து நான்கு சங்கத்துப் பெண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, காணியா, மலசலகூடமா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவமா, எது முதலில் என்று எழுதிவிடுங்கள். ஓட்டுக் கேட்டு வரும் எந்தச் சிவப்புச் சட்டைக்காரரிடமும் அந்தத் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடாதவர் போகட்டும்.

கேள்வி: இப்படியொரு கூட்டணியை எந்தத் தேர்தலில் முயன்று பார்க்கலாம்?
– ஓய்வுபெற்ற தபால்காரர், மாத்தளை

பதில்: மாகாண சபைத் தேர்தலில். மத்திய மாகாணத்தில் கடைசியாக நடந்தது 2013இல், ஊவாவில் 2014இல். அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. தோட்டத்துப் பாடசாலையும் வைத்தியசாலையும் மாகாண சபையோடு இத்தனை தொடர்புள்ளவை, அங்கே நமக்காகப் பேச ஓர் ஆள்கூட இப்போது இல்லை. முதலில் தேர்தலை வை என்று கேட்பதிலேயே இந்தக் கட்சிகள் ஒன்றாகலாம், அதற்கு வேட்புமனுவும் வேண்டாம், சின்னமும் வேண்டாம். திகதி அறிவித்த பிறகு ஆசனம் பங்கிட உட்காராமல், இந்த மாதமே ஹற்றனிலோ பதுளையிலோ ஒரு சங்கக் காரியாலயத்தில் கூடிப் பேசட்டும். நாற்காலி போதாவிட்டால் என் வீட்டிலிருந்து தருகிறேன்.