பழைய பத்மினியின் உட்புறம்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் தந்தையார் 1976 இல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார் எங்கள் வீட்டில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. எஞ்சின் வேலையும் டிங்கர் வேலையும் முடிந்துவிட்டன. உட்புறம்தான் மனதை உறுத்துகிறது. டோர் பேடுகள் (கதவின் உட்பக்கத்தை மூடும், ரெக்சின் ஒட்டிய அட்டைகள்) அடியில் ஊதி, ரெக்சின் பிரிந்து நிற்கிறது. டேஷ்போர்டின் வண்ணம் மங்கி ஓரிரு இடங்களில் துரு தெரிகிறது. ஸ்டியரிங்கில் வெடிப்பு, கைப்பிடிகளில் கரும்புள்ளிகள். கோவையில் ஒரு குஷன் கடையில் அனைத்தையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய 80,000 ரூபாய் கேட்கிறார்கள். என்னால் 20,000 ரூபாய்க்கு மேல் இயலாது. வழி உண்டா?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

வழி உண்டு. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் தொகை போதும். ஆனால் உழைப்பின் பெரும்பகுதி உங்களுடையதாக இருக்க வேண்டும், எதையும் எறிந்துவிடக் கூடாது. பத்மினியின் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று கழற்றி எறியும் ஒரு கைப்பிடியோ குமிழோ அதே வார்ப்பில், அதே நிறத்தில் திரும்பக் கிடைப்பது அரிது. ஆகவே எதை மாற்றுவது என்ற முடிவை, முழுவதையும் துடைத்துப் பார்த்த பிறகே எடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்த வெதுவெதுப்பான நீரும், மென்மையான பிரஷ்ஷும், உலர்ந்த பருத்தித் துணியும் போதும். மங்கல் என்று நாம் நினைப்பதில் கணிசமான பகுதி, பல ஆண்டுகளாகப் படிந்த கைவியர்வையும் தூசியும், அவற்றின் மேல் பூசப்பட்ட பளபளப்புத் திரவமும்தான். அந்தத் திரவங்கள் பலவற்றில் சிலிகோன் இருக்கும். அதன் மிச்சம் சிறிதளவு இருந்தாலும், பின்னால் அடிக்கும் பெயின்ட் சின்னச் சின்னக் குழிகளாக விலகிக்கொள்ளும். மீட்டரின் மேலுள்ள தெளிவான பிளாஸ்டிக்கில் மட்டும் தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதையும் கொண்டுபோகாதீர்கள். அது புகைபடிந்ததுபோல் ஆகிவிடும், அல்லது நுண்ணிய வெடிப்பு விடும்.

டோர் பேட் ஊதியதற்குக் காரணம் ரெக்சின் அன்று, தண்ணீர். கண்ணாடி வழியே வழியும் மழைநீரில் ஒரு பகுதி கதவுக்குள் இறங்கி, கதவின் அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறும்படிதான் அந்த அமைப்பு இருக்கிறது. அந்தத் துளைகள் மண்ணால் அடைபட்டு, அட்டைக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தாளும் கிழிந்துவிட்டால், அட்டை தண்ணீரைக் குடித்து ஊதுகிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் எத்தனை ஆயிரம் செலவழித்துப் புதிய பேட் போட்டாலும் அதுவும் ஊதும். எனவே முதலில் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, கண்ணாடியோரத்து ரப்பர் பீடிங்கை மாற்றி, கதவுச் சட்டத்தின் மேல் தடித்த பாலிதீன் தாளை இடைவெளியின்றி ஒட்டுங்கள். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆயினும் மற்ற எல்லாச் செலவையும் காப்பாற்றப்போவது இதுவே.

பிறகு பழைய அட்டையையே அச்சாக வைத்து, ஈரம் தாங்கும் 3 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் கிளிப் துளைகள் உட்பட வரைந்து வெட்டி, விளிம்புகளுக்கும் பின்புறத்துக்கும் வார்னிஷ் பூசுங்கள். ரெக்சின் என்பது துணியின் மேல் பி.வி.சி. பூசியது, அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வெயிலில் மெல்ல வெளியேறிவிடுவதால்தான் அது விறைத்து வெடிக்கிறது. உங்கள் ரெக்சின் இன்னும் வளைகிறதென்றால், ஹேர் டிரையரால் சூடேற்றி மெதுவாக உரித்து அதையே மீண்டும் ஒட்டலாம். வெடித்திருந்தால் புதிது வாங்கத்தான் வேண்டும். அதற்குக் கரூருக்குப் போகச் சொல்வேன். பஸ் பாடி கட்டும் ஊர் என்பதால் ரெக்சின், அலுமினிய பீடிங், ரப்பர் பீடிங், கிளிப் எல்லாம் ஓரிடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நிறத்துக்கு மாதிரியாக, கைதாங்கிக்கு அடியில் வெயில் படாமல் மறைந்திருந்த பகுதியிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் செல்லுங்கள். பசை வெப்பம் தாங்குவதாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் சாதாரணப் பசை இளகிவிடும். இருபுறமும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகே சேர்த்து அழுத்துங்கள்.

டேஷ்போர்டு தகரம் என்பது உங்களுக்குச் சாதகம். பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு, வயர்களுக்கு அடையாளம் ஒட்டி, மீட்டரைக் கழற்றுங்கள். பழைய பெயின்ட் எந்த வகை என்பதை மறைவான இடத்தில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்: வண்ணம் துணியில் கரைந்து வந்தால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்); சுருங்கிப் பொங்கினால் எனாமல். எனாமலின் மேல் என்.சி. அடித்தால் மொத்தமும் சுருங்கும் என்பதால், அங்கே பழையதை உலோகம் வரை எடுத்துவிடுவதே நல்லது. துருவை முழுவதும் நீக்கிப் பட்டி பார்த்து, 320 ஆம் எண்ணில் தொடங்கி 600 ஆம் எண் வரை வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, பிரைமருக்குப் பிறகு மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஸ்பிரே கேன் என்றால் 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். ஹார்டனர் கலக்கும் இருகலவைப் பெயின்ட்டை மட்டும் வீட்டில் அடிக்கவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும், துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அதுதான் வேண்டுமென்றால் தகுந்த வசதியுள்ள பெயின்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டியரிங் வெடிப்பை ‘வி’ வடிவில் சற்று அகலப்படுத்தி எப்பாக்ஸி நிரப்புங்கள். மேலோட்டமாகப் பூசியது சீக்கிரம் பெயர்ந்துவிடும். கைப்பிடிகளுக்கு மிக மெல்லிய ஸ்டீல் உல் போதும். முலாம் உரிந்தவற்றை மட்டும் முலாம் போடக் கொடுங்கள். துத்தநாக வார்ப்பில் குழி விழுந்திருந்தால் செலவு ஏறும், பலனும் நிச்சயமில்லை, அப்படியே விட்டுவிடலாம். அலுமினியப் பட்டைகளைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலுள்ள ஆனோடைஸ் என்ற பாதுகாப்புப் படலம் போய்விட்டால் அவை விரைவில் மங்கும்.

உங்கள் மனதில் எந்த அளவு பளபளப்பு என்ற கேள்வி எழுந்தால், கோவை அவிநாசி சாலையிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய், அங்குள்ள பழைய கார்களின் உட்புறங்களை நிதானமாகப் பாருங்கள். அந்தக் காலத்து அடக்கமான மினுக்கத்தையே நான் விரும்புகிறேன். உங்கள் தந்தையாரின் கை பட்டுத் தேய்ந்த இடங்கள் கொஞ்சம் தெரிவதில் குறையொன்றும் இல்லை.

பெயின்ட் வேலையைத் தை, மாசிக்கு ஒதுக்கிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தால் என்.சி. வெண்மை பூத்துவிடும், ஆனி, ஆடியிலோ பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று, காயாத பெயின்ட்டில் தூசியைக் கொண்டுவந்து சேர்க்கும். துடைப்பதையும், டோர் பேடையும், ஸ்டியரிங்கையும் அந்த மாதங்களில் முடித்துக்கொள்ளலாம்.

அன்புடன்.