மழைக்காலத்தில் கம்பளி கார்ப்பெட்டில் பூசண வாடை: கழுவலாமா?

உதகை வீட்டுக் கூடத்தில் விரித்திருக்கும் கம்பளி கார்ப்பெட் ஆடி மாதத்தில் பூசண வாடை அடிப்பதாகவும், ஷாம்பு போட்டுக் கழுவலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது கழுவ வேண்டாம். தென்மேற்குப் பருவமழை ஓயும்வரை இங்கே தடித்த கம்பளி முழுமையாக உலராது; அடிப்பகுதியில் தங்கும் ஈரம் பூஞ்சையை இன்னும் பெருக்கும்.

முதலில் ஒரு மூலையைத் தூக்கி, அடியில் தரையைத் தொட்டுப் பாருங்கள். சிமெண்டுத் தரை சில்லென்று ஈரமாக இருந்து, கார்ப்பெட்டின் பின்புறம் கரும்புள்ளிகளும் தெரிந்தால், ஈரம் கீழிருந்து வருகிறது; அதற்குத் தடுப்பாகப் பிளாஸ்டிக் தாளை விரிப்பது பலர் செய்வதுதான், ஆனால் அது ஈரத்தை அடைத்து வைக்குமே தவிர அகற்றாது. கார்ப்பெட்டைச் சுருட்டாமல் நாற்காலிகளின் மேல் பரப்பி, மின்விசிறியை ஓடவிடுங்கள். புகைபோக்கியில்லாத கேஸ் ஹீட்டர் எரியும்போது நீராவியை வெளிவிடும் என்பதால், மின்சார ஹீட்டரே மேல். மூடுபனி இறங்கும்போது சன்னலைச் சாத்துங்கள்.

நன்கு உலர்ந்தபின் சமையல் சோடாவைத் தூவி, சில மணி நேரம் கழித்து வாக்குவம் கிளீனரால் இருபுறமும் உறிஞ்சுங்கள். பிளீச்சிங் பவுடரைத் தொடவே வேண்டாம், அது கம்பளி இழையையே அரித்துவிடும். சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியில்தான் அந்துப்பூச்சியின் புழுக்கள் இழையைத் தின்னும். அங்கே கூடுதலாகச் சுத்தம் செய்யுங்கள்.

கழுவித்தான் ஆக வேண்டுமென்றால், காலையில் உறைபனியும் பகலில் பளீர் வெயிலும் இருக்கும் தை மாதம்வரை பொறுத்திருந்து, பின்புறம் வெயில் படும்படி உலர்த்துங்கள், சாயம் வெளுக்காது.