லைசென்ஸ் இருந்தால் நாற்றமும் சரியா?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோல் பதனிடும் கூடம் ஒன்று வந்திருக்கிறது. இரவில் நாற்றம் தாங்கவில்லை. கேட்டால் லைசென்ஸைக் காட்டுகிறார்கள். பகலில் வந்த சுகாதார ஆய்வாளர் ஒன்றும் தெரியவில்லை என்று போய்விட்டார். என்ன செய்வது?

பதில்: லைசென்ஸ் தொழில் நடத்தத்தான். அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுக்க அது யாருக்கும் உரிமை தராது. பொதுவாக நிபந்தனைகளோடுதான் கொடுப்பார்கள். அந்தத் தாளின் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள்.

இது பழைய தகராறு. 1610இல் இங்கிலாந்தில் ஆல்ட்ரெட் என்பவர் பக்கத்துப் பன்றிக் கொட்டிலின் நாற்றத்துக்காக வழக்குப் போட்டார். பன்றி வாடைகூடப் பொறுக்காத அளவுக்கு மூக்கு நாசூக்காக இருக்கலாமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஜெயித்தது ஆல்ட்ரெட்தான்.

சரி, ஆய்வாளர்மேல் கோபப்படாதீர்கள். பகல் வெயிலில் காற்று மேலெழும்பி வாடையைக் கலைத்துவிடும். இரவில் காற்று அடங்கியதும் அது தரையோடு தங்கும். அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். "செவ்வாய், இரவு 10.40 முதல் 12.15 வரை. காற்று கூடத்திலிருந்து வீட்டுப் பக்கம். அழுகிய முட்டை வாடை. ஜன்னலைச் சாத்தியும் அடித்தது." இப்படி இரண்டு மூன்று வாரம். இன்னும் இரண்டு வீட்டாரும் எழுதட்டும், ஆனால் ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்காமல். கூடத்தின் கழிவுத் தொட்டியைத் திறந்துவிடும் நாள் எது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்த நேரத்துக்கு ஆய்வாளரை வரச் சொல்லுங்கள். வந்தவரை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். சில நிமிடத்தில் எந்த மூக்கும் பழகிவிடும்.

அப்புறம், அந்த முட்டை வாடையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோலிலிருந்து மயிரை நீக்க சல்பைடு போடுவார்கள். அந்தக் கழிவுநீர் அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அளவு மிஞ்சினால் அது மூக்கையே மரத்துப்போக வைக்கும். வாடை நின்றுவிட்டது என்று நினைத்த இடத்தில் ஆள் மயங்கி விழுந்துவிடலாம். படம் எடுக்கிறேன் என்று கழிவுத் தொட்டிப் பக்கம் போகவே போகாதீர்கள்.

மனுவில் எடுத்ததும் "மூட வேண்டும்" என்று எழுதாதீர்கள். எழுதினால் பிழைப்பு, வேலை என்று பேச்சு திசைமாறிவிடும். தொட்டிக்கு மூடி, சல்பைடு கழிவுக்கும் அமிலக் கழிவுக்கும் தனித்தனி வாய்க்கால், இரவில் தொட்டி திறக்கத் தடை. இந்த மூன்றையும் நிபந்தனையில் சேர்க்கக் கேட்டு, நோட்டின் நகலை இணையுங்கள். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.