தண்டவாளம் மட்டுமா கணக்கு?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஏப்ரலில் 7ஆவது இல்லினாய் தொண்டர் குதிரைப்படை மிசிசிப்பி மாநிலத்துக்குள் நடத்திய ஊடுருவலைப் பெரும் சாதனையாகப் பலரும் எழுதுகிறார்கள். அவர்கள் பெயர்த்த தண்டவாளம் விரைவிலேயே சரிசெய்யப்பட்டுவிட்டது. எதிரியை நேருக்கு நேர் சந்திக்காமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். எதிரியின் உடையில் திரிந்தார்கள். விவசாயிகளின் குதிரைகளைப் பிடுங்கினார்கள். இதையெல்லாம் போர்ப்பணி என்று எப்படிச் சொல்வது? வென்றவர்கள் கட்டிய கதைதானே இது?
- வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் அடுக்கியிருக்கும் குற்றச்சாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே உண்மை. அவற்றிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் முடிவுதான் தவறு. ஏனெனில் அந்தப் படை எதற்காக அனுப்பப்பட்டது என்பதை விட்டுவிட்டு, அது எதை உடைத்தது என்பதை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள்.

அந்த ஏப்ரலில், வடக்கின் தளபதி கிராண்ட் மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் நின்றிருந்தார். அந்த ஆற்றைக் காத்துநின்ற தெற்கின் கோட்டைநகரான விக்ஸ்பர்க்குக்குத் தெற்கே ஆற்றைக் கடந்து அவருடைய படை கிழக்குக் கரையில் இறங்க வேண்டும். இறங்கும் வேளையில் தெற்கின் தளபதி பெம்பர்ட்டன் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெம்பர்ட்டனிடம் அப்போது குதிரைப்படை பெயரளவுக்கே இருந்தது. வான் டோர்னின் தலைமையிலிருந்த பெரும்பகுதி அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே டென்னசிக்கு மாற்றப்பட்டிருந்தது. குதிரைப்படை என்ற கண்ணில்லாத ஒரு தளபதியைத் திசைதிருப்ப வடக்கு அனுப்பியதுதான் இந்த ஊடுருவல்.

ஏப்ரல் 17 அன்று டென்னசியின் லா கிரேஞ்சிலிருந்து 1,700 பேர் கிளம்பினார்கள்: 6ஆவது, 7ஆவது இல்லினாய்ப் படைப்பிரிவுகளும் 2ஆவது ஐயோவாவும், கூடவே ஆறு சிறு பீரங்கிகளும். மொத்தத்துக்கும் தலைவர், 6ஆவது இல்லினாயின் கர்னல் பெஞ்சமின் கிரியர்சன். போருக்கு முன் இசை கற்பித்தவர், வியாபாரத்தில் தோற்றவர், சிறுவயதில் குதிரை முகத்தில் உதைத்ததிலிருந்து குதிரைகளை விரும்பாதவர். சட்டைக்குள் அவர் வைத்திருந்தவை ஒரு கையடக்க வரைபடம், ஒரு திசைகாட்டி, ஒரு மோர்சிங். (ஆம், நம் கச்சேரி மேடைகளில் கடத்துக்குப் பக்கத்தில் ஒலிக்கும் அதே வகைக் கருவிதான்.) 7ஆவது இல்லினாயும் இப்படிப்பட்டவர்களின் கூட்டமே. 1861இல் ஸ்பிரிங்ஃபீல்டு அருகே பட்லர் முகாமில் அது திரட்டப்பட்டது. அதன் முதல் கர்னலான கெல்லாக் ஒரு வழக்கறிஞர், பின்னாளில் லூசியானாவின் ஆளுநரானவர். அவருக்குப் பின் தலைமையேற்றவர் எட்வர்ட் பிரின்ஸ்.

இனி அவர்கள் செய்ததைப் பாருங்கள். நான்காம் நாள் விடியுமுன், நோயுற்றோரும் களைத்த குதிரைக்காரர்களுமாக ஏறத்தாழ 175 பேரைக் கிரியர்சன் திருப்பி அனுப்பினார். நால்வர் நால்வராக இருட்டில் ஊர்வழியே செல்ல வேண்டும் என்பது உத்தரவு. படை முழுவதும் திரும்பிவிட்டதென ஊரார் நம்ப வேண்டும். மறுநாள் 2ஆவது ஐயோவாவையும் பிரித்து, கிழக்கே ரயில்பாதையை நோக்கிச் சென்று பிறகு வடக்கே திரும்புமாறு பணித்தார். அந்த ஐயோவாக்காரர்களில் ஒரு பகுதியினர் முதலில் கிரியர்சனின் பின்னாலேயே சில மைல் சென்று, அதே தடத்தில் திரும்பினார்கள்; குளம்படிகள் எல்லாம் வடக்கு நோக்கி இருக்க வேண்டும் அல்லவா? தங்களுக்குப் பிரித்துக்கொடுக்கப்பட்ட ஒரே பீரங்கியைச் சாலையில் நான்கு வெவ்வேறு இடங்களில் திருப்பி, நான்கு பீரங்கிகள் போனதுபோல் சக்கரத்தடம் பதித்தார்கள். பின்தொடர்ந்துவந்த தெற்கின் அதிகாரி பார்ட்டோ அந்தத் தடத்தை நம்பி ஐயோவாவைத் துரத்திப் போனார். இல்லினாய்ப் படைகளுக்கு முன் வழி திறந்துகிடந்தது. நேருக்கு நேர் மோதாததைக் குறையாகச் சொல்கிறீர்கள். மோதியிருந்தால்தான் அவர்கள் தமக்கிட்ட வேலையில் தவறியிருப்பார்கள்.

ஏப்ரல் 24 அன்று விக்ஸ்பர்க்கின் கிழக்குப் பாதையிலிருந்த நியூட்டன் நிலையத்தில் இரண்டு ரயில்களை அழித்தார்கள். தந்திக் கம்பிகளை அறுத்தார்கள். தண்டவாளம் பிறகு சரியானது உண்மைதான். ஆனால் அதன் விளைவாகப் பெம்பர்ட்டன் என்ன செய்தார் என்பதையல்லவா கேட்க வேண்டும்? அவருக்குக் கீழிருந்த தளபதி லோரிங்கின் காலாட்படை கிழக்கே மெரிடியன் பக்கம் அனுப்பப்பட்டது. அங்கே என்டர்பிரைஸ் என்ற ஊரில், 7ஆவது இல்லினாயின் பி கம்பெனித் தலைவர் ஃபோர்ப்ஸ், முப்பத்தைந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டு, வெள்ளைக்கொடியோடு போய் ஊரைச் சரணடையச் சொன்னார். பதில் சொல்ல அவகாசம் கேட்டார்கள். அந்த அவகாசத்தில் ஃபோர்ப்ஸ் நழுவிவிட்டார். எதிரே பெரும்படை இருப்பதாக நினைத்த லோரிங்கின் வீரர்கள் அங்கேயே காத்திருந்தார்கள். ஹேசல்ஹர்ஸ்டில் மாறுவேட வீரர்கள் தந்தி அலுவலகத்துக்குப் போய், வடக்குப் படையால் பேர்ல் ஆற்றைக் கடக்க முடியவில்லை, அது வடகிழக்கே போய்விட்டது என்று எதிரியின் கம்பியிலேயே ஜாக்சனுக்குப் பொய்ச்செய்தி அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றங்கரையில் கிராண்ட் கல்ஃப் பகுதியைக் கண்காணித்துவந்த விர்ட் ஆடம்ஸின் குதிரைப்படை, கிரியர்சனைப் பிடிப்பதற்காக உள்நாட்டுக்குள் இழுக்கப்பட்டது. ஏப்ரல் 30 அன்று கிராண்டின் படையினர் புரூயின்ஸ்பர்க்கில் கரையேறியபோது தடுக்க யாருமில்லை. விக்ஸ்பர்க்குக்கு வடக்கே கிராண்டின் தளபதிகளில் ஒருவரான ஷெர்மன் காட்டிய போலித் தாக்குதலுக்கும் இதில் பங்குண்டு. முழுப் புகழையும் குதிரைக்காரர்களுக்கே கொடுத்துவிட நான் தயாரில்லை. ஆனால் ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் விழுந்ததில் அவர்களுக்குப் பங்கில்லை என்பவர், கிராண்ட் கரையேறிய நாளில் ஆடம்ஸ் எங்கே இருந்தார் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

எதிரியின் உடையைப் பற்றி: அது கோழைத்தனமன்று. அந்த உடையில் பிடிபட்டவனை ஒற்றன் என்று தூக்கிலிடலாம். மே 1 அன்று டிக்ஃபா ஆற்றின் வால்ஸ் பாலத்தில், மாறுவேட வீரர்களின் தலைவரான சார்ஜென்ட் ரிச்சர்ட் சர்பி குண்டடிபட்டு நகர முடியாமல் போனபோது, தோழர்கள் அவசர அவசரமாக அவருடைய மாறுவேட உடையைக் கழற்றிப் படைச்சீருடையை மாட்டிவிட்டுத்தான் புறப்பட்டார்கள். 7ஆவது இல்லினாயின் லெப்டினன்ட் கர்னல் பிளாக்பர்ன் அங்கேயே படுகாயமடைந்தார், பிழைக்கவில்லை. காயம்பட்டோருடன் மருத்துவர் ஒருவர் தாமே பின்தங்கிச் சிறைப்பட்டார்.

குதிரைகள் விஷயத்தில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. மே 2 அன்று பேட்டன் ரூஜை அடையும்வரை, 16 நாட்களில் 600 மைல் போன படை, களைத்த குதிரையை விட்டுவிட்டு அகப்பட்ட குதிரையில் ஏறித்தான் போயிற்று. உழவு மாட்டுக்கு நிகரான கோவேறு கழுதையை இழந்த சிறு விவசாயிக்கு அது கொள்ளைதான். அதே பாதையில், அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பின மக்கள் பலர் இந்தப் படையின் பின்னே நடந்து பேட்டன் ரூஜுக்குள் வந்தார்கள் என்பதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வென்றவர்களின் கதை என்ற சந்தேகம் ஓரளவு நியாயமானதே. எதிரியில் நூறு பேர் கொல்லப்பட்டோ காயமுற்றோ போனார்கள், 500 பேர் பிடிபட்டார்கள், 50 முதல் 60 மைல் தண்டவாளமும் தந்தியும் அழிந்தன என்பவை கிரியர்சனின் சொந்த அறிக்கை சொல்பவை. அவற்றைச் சற்றுக் குறைத்தே நான் படிக்கிறேன். அதிர்ஷ்டமும் இருந்தது. அதே நாட்களில் அலபாமாவுக்குள் கோவேறு கழுதைகளில் நுழைந்த, வடக்கின் கர்னல் ஸ்டிரெய்ட்டின் படையைத் தெற்கின் குதிரைப்படைத் தளபதி ஃபாரஸ்ட் விடாமல் துரத்தி, தம் படையைவிடப் பெரிதாக இருந்த அதை மே 3 அன்று சரணடைய வைத்தார். அந்த ஃபாரஸ்ட் கிரியர்சனின் பாதையில் வரவில்லை. வந்த இடத்தில் என்ன ஆயிற்று என்பதை 1864 ஜூன் 10 காட்டியது: பிரைசஸ் கிராஸ்ரோட்ஸில், வடக்கின் தளபதி ஸ்டர்ஜிஸின் கீழ்க் குதிரைப்படையை நடத்திச்சென்ற கிரியர்சன், எண்ணிக்கையில் மிகக் குறைந்த ஃபாரஸ்டிடம் தோற்று, பீரங்கிகளை இழந்து மெம்ஃபிஸை நோக்கி ஓடிய படையில் ஒருவராக இருந்தார். அவரைக் குறைகூற விரும்பினால் அந்த நாளிலிருந்து தொடங்குங்கள். நியூட்டன் நிலையத்திலிருந்து அல்ல.