நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, ஈசிஜி நார்மல்: இது வாயுத் தொல்லையா?

கேள்வி: டாக்டர், எனக்கு 51 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் காலையில் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் வேகமாக நடப்பேன். இரண்டு மாதமாக, நடக்கும்போது நடு நெஞ்சில் இறுக்கிப் பிடிக்கிறது. சில நாள் தாடை வரை ஏறும். முதலில் நாலாவது சுற்றில் வந்தது, இப்போது இரண்டாவது சுற்றிலேயே வந்துவிடுகிறது. பெஞ்சில் உட்கார்ந்து சோடா குடித்து ஏப்பம் விட்டால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஈசிஜி எடுத்துப் பார்த்தேன், நார்மல். அதனால் வாயு என்று கேஸ் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். நடைப்பயிற்சியைத் தொடரலாமா?
- வாசகர், சேலம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நடையை நிறுத்திவிட்டு, இன்றோ நாளையோ ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: நாலாவது சுற்றில் வந்தது இப்போது இரண்டாவது சுற்றிலேயே வருகிறது. மாதக்கணக்கில் ஒரே அளவு உழைப்புக்கு ஒரே மாதிரி வரும் வலி ஒரு ரகம். குறைந்த உழைப்புக்கே வர ஆரம்பிக்கும் வலி வேறு ரகம். இதய ரத்தக் குழாயில் உள்ள அடைப்பு நிலைமாறிக்கொண்டிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம், மாரடைப்புக்கு முந்தைய எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும்.

சரி, ஈசிஜி நார்மலாக இருந்ததே என்பீர்கள். அதை எங்கே எடுத்தார்கள்? கட்டிலில் படுக்கவைத்து. படுத்திருக்கும் இதயத்துக்குத் தேவையான ரத்தம், பாதிக்கு மேல் சுருங்கிய குழாய் வழியாகவும் தாராளமாகப் போய்விடும். வேகமாக நடக்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும். இதயத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதியை, தான் விரியும் நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. துடிப்பு ஏற ஏற அந்த நேரம் சுருங்கிக்கொண்டே போகும். தேவை கூடுகிறது, வரத்து குறைகிறது. நின்றால் துடிப்பு இறங்கும், வலியும் போய்விடும். வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி, நடக்கும்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்லாது.

அப்புறம் அந்த சோடா. உங்களுக்கு வலி போனது ஏப்பத்தால் அல்ல, பெஞ்சில் உட்கார்ந்ததால் என்றுதான் நினைக்கிறேன். இந்த ஏப்பத்தை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டு, கடைசியில் ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கியவர்களை இதயப் பிரிவில் வேலை பார்க்கும் எவரும் பார்த்திருப்பார்கள்.

1768-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், ஆஞ்சைனா எனப்படும் இந்த இதய வலியை விவரித்தார். நடக்கும்போது வரும், மேட்டில் ஏறினால், அதுவும் சாப்பிட்ட கையோடு நடந்தால் அதிகம் வரும், நின்ற உடனே போய்விடும் என்றார். அப்போது ஈசிஜி கிடையாது, நோயாளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டதுதான் அவருடைய பரிசோதனை. இன்றைக்கும் நாங்கள் முதலில் கேட்பது அதே கேள்விகளைத்தான். வலியைக் காட்டச் சொன்னால், இதய வலிக்காரர் பெரும்பாலும் உள்ளங்கையையோ மூடிய கையையோ நடு நெஞ்சில் வைப்பார். ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டு 'இங்கேதான்' என்பவருக்கு, அதுவும் அழுத்தினால் வலிக்கிறது, கையைத் திருப்பினால் குத்துகிறது என்றால், பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். ஜிம்மில் புதிதாக எடை தூக்குபவர்களுக்கு இது சகஜம். நெஞ்செரிச்சல் சாப்பிட்ட பிறகு படுத்தால், குனிந்தால் வரும். மைதானத்தில் சுற்றை எண்ணிக்கொண்டு வராது.

எல்லோருக்கும் வலியாகத்தான் வரும் என்றும் இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மூச்சு வாங்குவது, திடீர் வியர்வை, தாங்க முடியாத அசதி என்று மட்டும் வரலாம். இளவயதுக்காரர் விளையாடும்போது நெஞ்சுவலியோடு மயங்கி விழுந்தால், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்க்காமல் மறுபடி மைதானத்துக்கு அனுப்பக் கூடாது. பரம்பரையாக வரும் கோளாறால் இதயத் தசை தடித்திருக்கலாம்.

உங்களுக்கு என்ன பரிசோதனை என்பதை மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். நீங்களாக ஒரு லேபுக்குப் போய் டிரெட்மில் டெஸ்ட் எடுத்துவிடாதீர்கள். வலி கூடிக்கொண்டே போகும் நிலையில் ஓடவைத்துப் பார்ப்பது ஆபத்து. இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ, தேவைப்பட்டால் நேராக இதய ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம் என்று போகலாம். ஆஞ்சியோ என்றாலே ஸ்டென்ட் வைத்துவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. வலி ஒரே நிலையில் இருக்கும் பலரை ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளோடு நன்றாகவே வைத்திருக்க முடிகிறது. அப்படிப்பட்டவர்களிடம் 2007-இல் வெளியான கரேஜ் (COURAGE) என்ற ஆய்வில், மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. கூடிக்கொண்டே போகும் வலிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அதற்குள் உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, ஓய்வெடுத்தும் பத்து நிமிடத்தில் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கை எடுக்காதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றில் ரத்தக் கசிவோ இல்லை என்றால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை மருத்துவர் கொடுத்தால், உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். ஆண்மைக் குறைவுக்கான வயாகரா போன்ற மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் கூச்சப்படாமல் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிடும்.

நடை உங்களுக்கு நிரந்தரமாகத் தடை இல்லை. சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் சொல்லும் வேகத்தில் நடக்கத்தான் வேண்டும். ஹெபர்டனே, தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறைய குணமான ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மருத்துவரிடம் 'கேஸ் டிரபிள்' என்று பேச்சைத் தொடங்காமல், எத்தனை சுற்றில் வருகிறது, எப்போது விடுகிறது என்பதைச் சொல்லுங்கள். பழைய ஈசிஜி, சர்க்கரை மாத்திரைச் சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.