திபெத் மக்களுக்கு நடக்கற கொடுமைக்கு உலக நாடுகள் உண்மையிலயே என்ன பண்ணுச்சு?

தீர்மானம் போட்டாங்க, வருத்தம் தெரிவிச்சாங்க, சீனா மொறைச்சதும் கம்முனு ஆயிட்டாங்க. மொத்தக் கதையும் கிட்டத்தட்ட இதான்.

1950ல சீன ராணுவம் உள்ள நுழைஞ்சப்போ ஐநால வாயத் தொறந்தது எந்த வல்லரசும் இல்லைங்க, எல் சால்வடார்னு ஒரு குட்டி நாடு. பிரிட்டனும் இந்தியாவும் அவங்க பேசித் தீத்துக்குவாங்கன்னு சொல்ல, விஷயத்த தள்ளி வச்சுட்டாங்க. 1959ல திபெத் தலைநகரம் லாசால மக்கள் கிளம்பி, அத அடிச்சு ஒடுக்கி, தலாய் லாமா தப்பிச்சு நம்ம நாட்டுக்கு வந்த பிறகு அயர்லாந்தும் மலாயாவும் ஐநால ஒரு தீர்மானம் கொண்டு வந்தாங்க, அதுல அவருக்கு அடைக்கலம் குடுத்த நாமளே ஓட்டு போடாம ஒதுங்கிட்டோம். 62ல சீனாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட அப்புறம் 1965ல இதே மாதிரி தீர்மானம் வந்தப்போ ஆதரிச்சு போட்டோம்.

எனக்கு ரொம்ப கடுப்பான கேஸ் ஸ்பெயின்தான். அங்க எந்த நாட்டுல நடந்த இனப்படுகொலையா இருந்தாலும் விசாரிக்கலாம்னு சட்டம் இருந்துச்சு, அத வச்சு 2006ல திபெத் கேஸ எடுத்தாங்க, 2013ல கோர்ட்டு முன்னாள் அதிபர் ஜியாங் ஜெமினுக்கே கைது வாரண்ட் போடச் சொல்லிடுச்சு. சீனா சத்தம் போட்டுச்சு. 2014 மார்ச்சுல ஆளுங்கட்சி அந்தச் சட்டத்தையே மாத்திருச்சு, ஜூன்ல கேஸ் க்ளோஸ். ஜட்ஜ மாத்துவாங்கன்னு பாத்திருக்கோம், இங்க சட்டத்தையே மாத்திட்டாங்க!

நேபாளம் பாவம், பக்கத்து வீடு, 2003ல 18 திபெத்தியர்கள பிடிச்சு சீனாகிட்டயே ஒப்படைச்சாங்க. அமெரிக்கா 2002, 2018, 2020, 2024னு சட்டமா போட்டுட்டே இருக்கு, அவங்க பண்ணதுல உருப்படியா பட்டது ரெண்டு: அமெரிக்கர்கள திபெத்துக்குள்ள விடாம தடுக்கற சீன அதிகாரிக்கு விசா கிடையாதுங்கறது, இன்னொண்ணு போர்டிங் ஸ்கூல் விஷயத்துல சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கு 2023ல விசா தடை போட்டது. சுமார் 10 லட்சம் திபெத்திய புள்ளைங்கள வீட்ட விட்டுப் பிரிச்சு சீன மொழில படிக்க வைக்கறாங்க, லீவுக்கு ஊருக்குப் போற புள்ளைக்கு தாத்தா பாட்டிகிட்ட சரளமா பேச வரலன்னு ஐநா நிபுணர்களே சொல்லிருக்காங்க. ஆனா விசா இல்லன்னா அந்த அதிகாரிக்கு என்ன கொறஞ்சிடப் போகுதுன்னும் தோணுது.

நம்ம கதைக்கு வரேன். கர்நாடகாவுல இருக்கற பைலகுப்பேல திபெத்தியர்களுக்கு நிலம் குடுத்தது, ஸ்கூல் கட்டிக் குடுத்தது எல்லாம் பெரிய விஷயம், வேற எந்த நாடும் இந்தளவுக்கு செய்யல, இத மறுக்கவே முடியாது. ஆனா 2019 அக்டோபர்ல மாமல்லபுரத்துக்கு ஷி ஜின்பிங் வந்தப்போ சென்னைல திபெத்தியர்கள பிடிச்சு உள்ள வச்சாங்க, அவரு தங்கற கிண்டி ஹோட்டல் வாசல்ல கொடியோட நின்னவங்கள குண்டுக்கட்டா தூக்கிட்டுப் போனாங்க. எனக்கு அன்னிக்கு வொர்க் ஃப்ரம் ஹோம், ரோடு ப்ளாக்குங்கறத தாண்டி ஒண்ணும் யோசிக்கல, அதுதான் நெஜம்.

கொரோனா முடிஞ்சப்புறம் ஒரு தடவ ஊட்டில திபெத் மார்க்கெட்டுல ஒரு அக்காகிட்ட ஜெர்கின் பேரம் பேசிட்டிருந்தேன் (சரக்கு லூதியானாவுல இருந்துதான் வருதாம்). பேச்சுவாக்குல ஆர்.சி. ரெனியூ பண்ண அலையறேன்னாங்க. என்ன வண்டிக்கான்னு கேட்டேன். சிரிச்சுட்டு எனக்குத்தான் தம்பின்னு சின்ன புக் ஒண்ண எடுத்துக் காட்டுனாங்க, வெளிநாட்டுக்காரங்க இங்க தங்கறதுக்கான பதிவுச் சான்று, போட்டோவுல இன்னும் சின்ன வயசா இருந்தாங்க. பொறந்தது பைலகுப்பேல, 1974ல. 1987 ஜூலைக்கு முன்னாடி இங்க பொறந்தவங்க சட்டப்படி இந்தியருதான், பாஸ்போர்ட் குடுக்கணும்னு 2016ல டெல்லி ஹைகோர்ட்டே சொல்லிருக்கு, நீங்க அப்ளை பண்ணலாமேக்கான்னேன்.

“பையன் பண்ணச் சொல்றான். எங்கம்மாவும் கடைசி வரைக்கும் இதுதான் வச்சிருந்தாங்க” அப்படின்னுட்டு, 900க்கு தரேன், எடுத்துக்கோன்னாங்க.