கூர்மை எங்கே தப்பியது? காட்டுயிர், வளர்ப்புப் பிராணிப் படங்கள்: வாசகர் கேள்வி–பதில்

எங்கள் ஒளிப்படக் குழுவில் ஒருவர் வேடந்தாங்கலில் எடுத்த படத்தைக் காட்டினார். பறக்கும் கூழைக்கடா, 400 மி.மீ. லென்ஸ், 1/500 நொடி ஷட்டர் வேகம், எஃப் 8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐ.எஸ்.ஓ. 200 (ஒளியுணர்வு). "ஷார்ப்பா இல்லையே" என்றேன். முகம் வாடிவிட்டது. எப்படிச் சொல்லியிருக்கலாம்?
*– வாசகர், செங்கல்பட்டு*

நீங்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எதை மாற்றுவார்? மங்கல் எதனால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்குப் பயன்.

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, முதலில் கண்ணைப் பாருங்கள். கண் கூர்மையாக இருந்து இறகு நுனி மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பறவை முழுக்க மங்கி, பின்னால் உள்ள கிளை பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் கிளைக்குப் போய்விட்டது. வேகத்தைக் கூட்டிப் பயனில்லை, ஃபோகஸ் புள்ளியையும் பறவையைப் பின்தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் தொடர் ஃபோகஸ் முறையையும்தான் கவனிக்க வேண்டும். பறவை, மரம், தண்ணீர் எல்லாமே ஒரே திசையில் கோடு கோடாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பறவை தெளிவாக இருந்து பின்னணி மட்டும் கோடாக ஓடினால் அது குறையே இல்லை. பறவையோடு சேர்த்துக் கேமராவை நகர்த்தினால் அப்படித்தான் வரும். பலர் அதையும் தவறு என்று சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஓரங்களெல்லாம் நெளிந்து, தண்ணீருக்கு அடியில் பார்ப்பதுபோல் இருந்தால் அது வெயிலில் எழும் வெப்பக் காற்றின் வேலை. லென்ஸ் எவ்வளவு நீளமோ, பறவை எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு அது கூடுதலாகத் தெரியும். எந்த அமைப்பை மாற்றினாலும் தீராது. காலை வெயில் ஏறுவதற்குள் எடுக்கச் சொல்லுங்கள், அல்லது கிட்டே வரும் பறவையை எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் நண்பரின் படத்தில் இறகு நுனிதான் சிக்கல் என்றால் இப்படிச் சொல்லலாம்: "தலையும் அலகுப் பையும் நல்லாப் பிடிச்சிருக்கீங்க. இறகு நுனி மட்டும் இழுத்திருக்கு. அடுத்த தடவை 1/2000 வச்சுப் பாருங்க. எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 400 போட்டா வெளிச்சம் இதே அளவுதான் வரும்." கணக்கு சரியாக வரும்: 1/500-இலிருந்து 1/2000-க்குப் போனால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். எஃப் 8-ஐ 5.6 ஆக்கினால் திறப்பு பெரிதாகி வெளிச்சம் இரட்டிப்பு, ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் இன்னொரு இரட்டிப்பு. கூழைக்கடா நிதானமாகச் சிறகடிக்கும் பறவை; அதற்கு இந்த வேகம் தாராளம். பாயும் மீன்கொத்திக்கு 1/3200 வேண்டியிருக்கும்.

என் படங்களுக்கு "அருமை", "சூப்பர்" தவிர யாரும் எதுவும் சொல்வதில்லை. என்ன செய்ய?
*– வாசகி, திருச்சி*

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் பதில் அப்படித்தான் வரும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இடப்பக்கக் கிளை கண்ணை இழுக்கிறதா?" க்ராப் செய்யாத மூலப் படத்தையும் காட்டுங்கள். வெட்டியதில் என்ன போயிற்று என்று தெரியாமல் யாராலும் கட்டமைப்பைப் பற்றிப் பேச முடியாது.

எங்கள் ராஜபாளையம் நாய் படத்தில் வெள்ளைத் துணி மாதிரி வருகிறது. தங்கை வீட்டுக் கறுப்பு லாப்ரடாரோ கண் எது மூக்கு எது என்றே தெரியவில்லை. அவள் படத்துக்கு நான் என்ன யோசனை சொல்வது?
*– வாசகர், விருதுநகர்*

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை நாய் ஃபிரேம் முழுக்க நிறைந்தால் படம் மங்கிச் சாம்பலடிக்கும்; எக்ஸ்போஷரை (படத்துக்குக் கிடைக்கும் வெளிச்ச அளவை) +0.7 அல்லது +1 கூட்டுங்கள். அதே நாய் இருண்ட வாசலில் சின்னதாக நின்றால், மீட்டர் இருட்டுக்காக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நாய் வெளுத்துவிடும். அங்கே −1 வேண்டும். உங்கள் படத்தில் நடப்பது இந்த இரண்டாவது. முழுதாக வெளுத்த இடத்தில் முடியின் விவரத்தை கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பிலும் மீட்க முடியாது. அதனால் வெளுத்த இடம் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையைக் கேமராவில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு நாய்க்குக் கணக்கு தலைகீழ். ஆனால் அதற்கு எண்களைவிட வெளிச்சத்தின் திசைதான் முக்கியம். உச்சி வெயிலில் கண் குழிக்குள் மறைந்துவிடும். திண்ணை நிழலில், முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி உட்கார வைக்கட்டும். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்தால் போதும், முகத்துக்கு உயிர் வந்துவிடும். பக்கவாட்டு வெளிச்சம் முடியின் பளபளப்பைக் காட்டும். ஃபிளாஷ் வேண்டாம்; நாயின் விழித்திரைக்குப் பின்னாலுள்ள படலம் அதைத் திருப்பியடித்துக் கண்ணைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியவைக்கும்.

செல்போனில் எடுக்கிறாள் என்றால் ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள். மூக்குக்கு அருகே போனை நீட்டினால் மூக்கு பெருத்து, காது சிறுத்துப்போகும். இரண்டு மீட்டர் பின்வாங்கி, 2 எக்ஸ் (இரு மடங்கு பெரிதாக்கும்) லென்ஸ் இருந்தால் அதில், தரையில் முழங்கையை ஊன்றி நாயின் கண்மட்டத்தில் எடுக்கட்டும். பேசும்போது படத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். "நாய் பெருத்துப்போச்சே" என்றால் அவள் காதில் அது மட்டும்தான் விழும். அது அவள் வீட்டுப் பிள்ளை.

தையல்சிட்டு தன் கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டும் படம். ஒளி, கூர்மை எல்லாம் அபாரம். இலைகளைக் கொஞ்சம் ஒதுக்கி எடுத்ததாக எடுத்தவரே சொன்னார். பாராட்டலாமா?
*– வாசகி, கோயம்புத்தூர்*

வேண்டாம். கூர்மையைக்கூடப் பாராட்ட வேண்டாம். பாராட்டைப் பார்த்து இன்னும் நாலு பேர் இலையை ஒதுக்குவார்கள். தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டுவதே மறைவுக்காகத்தான். அந்த மறைப்பு போனால் குஞ்சின் மேல் நேரே வெயில் விழும்; காக்கைக்கும் செம்போத்துக்கும் கூடு கண்ணில் படும். ஆள் நிற்கும்வரை தாய் இரையோடு கிளையிலேயே தயங்கி நிற்கும், குஞ்சு பட்டினி கிடக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை 'வேட்டை' என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது.

எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். தற்காத்துப் பேசுவாரே தவிரக் கேட்க மாட்டார். தனியே அழைத்து, அவர் படத்திலேயே காட்டுங்கள்: மடங்கிய இலைக் காம்பு, குஞ்சின் தலையில் விழும் நேர் வெயில், அலகில் இரையோடு கேமராவைப் பார்க்கும் தாய். இலையை நூல் போட்டு ஒதுக்கிக் கட்டியிருந்தால், தாய் இரை தேடப் போயிருக்கும் நேரம் பார்த்து அதை அவிழ்த்துவிட்டு, உடனே விலகிவிடச் சொல்லுங்கள். குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தச் செடிப் பக்கம் கேமரா போக வேண்டாம்.